கையெழுத்து வாங்கும் முன்

அன்புள்ள கதிருக்கு,

மாமா எழுதுகிறேன். உன் அம்மா போன் செய்திருந்தாள். நீ ராணுவத்தில் சேர விரும்புகிறாய் என்பதைச் சொல்லும்போது அவள் அவ்வளவாகக் கலங்கவில்லை. பள்ளியில் நீ கேடட் பயிற்சிக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்தே இது வரும் என்று எதிர்பார்த்திருக்கிறாள். கலங்கியது அதற்குப் பிறகு சொன்னதில்தான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் பதினெட்டு முடிந்த மறுநாளே வீட்டை விட்டுப் போய்விடுவேன், அப்புறம் என்னிடமிருந்து ஒரு போன்கூட வராது என்று சொன்னாயாமே?

நீ சேரக் கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இரண்டாம் பக்கத்துக்கு நீ போகமாட்டாய். ராணுவ வேலை கௌரவமான வேலை. வெள்ளம், காட்டுத்தீ என்றால் இந்த நாட்டில் முதலில் வந்து நிற்பவர்களில் அவர்களும் உண்டு. உனக்கு உடம்பு இருக்கிறது, எந்திரங்களில் ஆர்வம் இருக்கிறது, சொன்ன நேரத்துக்கு எழுந்திருக்கும் பழக்கம் இருக்கிறது; இந்தக் கடைசி விஷயம் நம் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை. எனக்கு உறுத்தியது அந்த மிரட்டல் மட்டும்தான். ஏனென்றால் ஏறக்குறைய இதே மிரட்டலை 1915-ல் இதே மெல்போர்னில், என் வீட்டிலிருந்து டிராமில் போகிற தூரத்தில், ஒரு பையன் தன் அம்மாவிடம் விடுத்தான். அவனுக்கு அப்போது வயது பதினான்கு.

பெயர் ஜேம்ஸ் சார்ல்ஸ் மார்ட்டின். வீட்டில் ஜிம். உன் பள்ளிப் பாடத்தில் அவன் பெயர் ஒரு வரியில் வந்திருக்கலாம்: முதல் உலகப் போரில் இறந்த ஆஸ்திரேலிய வீரர்களில், நாம் அறிந்தவரை, மிக இளையவன். அந்த ஒரு வரியோடு விட்டுவிடுவதுதான் எனக்குப் பிடிப்பதில்லை. அவனைச் சிலையாக்கிவிட்டால் அவன் வீட்டில் நடந்த பேச்சு யாருக்கும் கேட்காமல் போய்விடுகிறது.

ஜிம் பிறந்தது 1901 ஜனவரி 3-ந் தேதி, முர்ரே ஆற்றங்கரையில் இருக்கும் டோகும்வால் என்ற சிற்றூரில். தனித்தனிக் குடியேற்றங்களாக இருந்தவை ஆஸ்திரேலியா என்ற ஒரே நாடாகச் சேர்ந்தது அந்த ஜனவரி 1-ந் தேதி. நாட்டைவிட அவன் இரண்டு நாள் இளையவன். அப்பா சார்ல்ஸ் நியூசிலாந்தில் பிறந்தவர். யூதர் என்பதால் பட்ட ஏளனத்திலிருந்து தப்பிக்க மார்க்ஸ் என்ற குடும்பப் பெயரை மார்ட்டின் என்று மாற்றிக்கொண்டவர். அம்மா அமீலியா, தங்கச் சுரங்க ஊரான பெண்டிகோவைச் சேர்ந்தவள். ஜிம் அந்த வீட்டில் ஒரே ஆண் பிள்ளை; மற்றதெல்லாம் பெண்கள். அப்பா கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டு ஊர் ஊராக மாறி, கடைசியில் குடும்பம் மெல்போர்னில் ஹாதார்ன் பகுதியில் தங்கியது. கிளென்ஃபெரி ரோட்டில் டிராமை விட்டு இறங்கி நடந்தால் ஜிம் படித்த பள்ளி இருந்த மேனிங்ட்ரீ ரோடு வந்துவிடும். நீ அடுத்த முறை வரும்போது கூட்டிப்போகிறேன். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, மரங்களும் வீடுகளும்தான்.

உன்னைப் போல அவனும் கேடட். ஆனால் அவனுக்கு அது விருப்பப் பாடம் இல்லை. 1911 முதல் இந்த நாட்டில் பன்னிரண்டு வயது ஆன பையன்கள் எல்லோருக்கும் ராணுவப் பயிற்சி கட்டாயம் என்று சட்டம் இருந்தது. வரிசையில் நிற்பது, நடைபோடுவது, துப்பாக்கியைத் தோளில் வைப்பது எல்லாம் கணக்குப் பாடம் மாதிரி பள்ளியிலேயே வந்துவிடும். அப்படி வளர்ந்த பையன்களின் காதில் 1914 ஆகஸ்டில் போர் என்ற செய்தி விழுகிறது. நம் சென்னைத் துறைமுகத்தின் மேல் அந்தச் செப்டம்பர் 22-ந் தேதி இரவு குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போனதே எம்டன் கப்பல், அதை நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவுக்குப் பக்கத்தில் அடித்து வீழ்த்தியது சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். முதல் படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல் வரிசைக்குக் காவலாகப் போன வழியில்தான் அது நடந்தது. புது நாடு, புதுக் கடற்படை, முதல் வெற்றி. ஹாதார்னில் ஒரு பதிமூன்று வயதுப் பையனின் ரத்தம் எப்படிக் கொதித்திருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா சார்ல்ஸ் முதலில் பட்டாளத்தில் சேரப் போனார். தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாடிய முகத்தோடு வந்த அப்பாவிடம், நீங்கள் போக முடியாவிட்டால் என்ன, நான் போகிறேன் என்றான் ஜிம். வீட்டில் சிரித்திருப்பார்கள். அவன் சிரிக்கவில்லை. அதற்குள் பள்ளிப் படிப்பை விட்டுப் பண்ணை வேலைக்குப் போய் வந்தவன், ஐந்தரை அடி உயரம், குரல் உடைந்திருந்தது. பதினெட்டு என்று சொன்னால் நம்ப விரும்புகிறவர்கள் நம்பலாம்.

இருபத்தொன்று ஆகாதவர்கள் சேர வேண்டுமானால் பெற்றோரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என்பது அப்போது விதி. அமீலியா மறுத்தாள். அப்போதுதான் ஜிம் அதைச் சொன்னான்: நீ சம்மதிக்காவிட்டால் வேறொரு பெயரில் போய்ச் சேர்ந்துவிடுவேன், உனக்குக் கடிதமே எழுத மாட்டேன்.

கதிர், இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசி. அவன் அம்மாவின் முன்னால் இப்போது இருக்கும் கணக்கு என்ன? மகன் போகிறானா இல்லையா என்பது அவள் கையில் இல்லாமல் போய்விட்டது. வேறு பெயரில் சேர்ந்த பையனுக்கு ஏதாவது ஆனால் தந்தி அவள் வீட்டுக்கு வராது. எந்தப் படைப்பிரிவு, எந்தக் கப்பல், எந்த ஊர் என்று யாரையும் கேட்க முடியாது. எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் இருக்காது. சொந்தப் பெயரில் போனால் கடிதமாவது வரும். அவள் கையெழுத்துப் போட்டது அந்தக் கடிதங்களுக்காக. மகன் போருக்குப் போகலாம் என்று அவள் சம்மதித்ததாக வரலாற்றில் எழுதுகிறார்கள். நான் அதைச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு இழப்புகளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டால், மனிதர்கள் சின்னதைச் சுட்டிக் காட்டுவார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நமக்கு வசதி.

1915 ஏப்ரல் 12-ந் தேதி ஜிம் சேர்ந்தான். பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. வயது 18 என்று எழுதிக்கொண்டார்கள். அவனைப் பரிசோதித்த டாக்டர் இருந்தார், பதிவு செய்த அதிகாரி இருந்தார், பயிற்சி கொடுத்த சார்ஜென்ட் இருந்தார். பதினான்கு வயதுப் பையனைப் பார்த்தால் தெரியாதா? இவர்கள் வீட்டிலும் அந்த வயதில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள் அல்லவா? வயதைப் பற்றிச் சொன்ன பொய்யை ஜிம்மின் பொய் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதும்போது கொஞ்சம் செல்லமாகவும் எழுதுகிறார்கள், ஏதோ துடுக்கான பிள்ளை செய்த குறும்பு மாதிரி. ஒரு பையன் பொய் சொல்லலாம். அது நிற்பதற்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எனக்குக் கோபம் அவர்கள் மேல்தான். அப்படிச் சேர்ந்தவன் ஜிம் ஒருவன் மட்டும் இல்லை, வயதைக் கூட்டிச் சொல்லி உள்ளே போன பையன்கள் ஏராளம்.

இன்றைக்கு அது நடக்காது. சான்றிதழ் கேட்பார்கள், பதினேழு முடிந்தால்தான் எடுப்பார்கள், பதினெட்டு வரை பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், பதினெட்டு ஆகாதவர்களைச் சண்டை நடக்கும் இடத்துக்கு அனுப்பாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஜிம்மைப் போன்ற பையன்களுக்கு நேர்ந்ததைப் பார்த்து உலகம் மெல்லக் கற்றுக்கொண்டவை இவை. ஆனால் எந்தச் சட்டமும் அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்று கேட்பதில்லை. அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கப்போவதில்லை.

பயிற்சி பிராட்மெடோஸிலும் சீமோரிலும். 21-வது பட்டாலியன். ஜூன் 28-ந் தேதி மெல்போர்னிலிருந்து பெரிமா என்ற கப்பலில் கிளம்பினான், ஆகஸ்டில் எகிப்து. அங்கிருந்து கலிப்போலிக்கு அழைத்துப்போக சௌத்லாண்ட் என்ற கப்பல். இஸ்தான்புல்லுக்குப் போகும் கடல்வழியின் வாயிலில் துருக்கிக்குச் சொந்தமான ஒல்லியான நிலத்துண்டு கலிப்போலி. அதைப் பிடித்தால் துருக்கி பணிந்துவிடும் என்று லண்டனில் கணக்குப் போட்டு, ஏப்ரல் 25-ந் தேதி விடியலில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை அதன் கரையில் இறக்கியிருந்தார்கள்.

செப்டம்பர் 2-ந் தேதி காலையில், லெம்னோஸ் தீவை நெருங்கும் நேரத்தில், ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று சௌத்லாண்டை டார்பிடோவால் அடித்தது. ஜிம் கடலில் விழுந்து நாலு மணி நேரம் தண்ணீரில் கிடந்தான். படையணியின் தளபதி லிண்டன் உட்படப் பலர் இறந்தார்கள். கப்பல் மூழ்கவில்லை, துணிந்தவர்கள் சிலர் திரும்ப ஏறிக் கொதிகலனுக்குக் கரி போட்டு அதைத் தீவுக்கரை வரை ஓட்டிவந்தார்கள். பெரியவர்களே ஆடிப்போயிருப்பார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 8-ந் தேதி ஜிம் கலிப்போலியில் இறங்கினான். கோர்ட்னிஸ் போஸ்ட் என்ற செங்குத்தான மேட்டின் விளிம்பில் வெட்டிய அகழியில் அவனுக்கு இடம்.

அவன் போய்ச் சேர்ந்தபோது அங்கே பெரிய சண்டை எதுவும் மிச்சமில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஆகஸ்ட் மாதத்துப் பெருந்தாக்குதல் தோற்று முடிந்துவிட்டது. இரு பக்கமும் மண்ணைத் தோண்டி உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த காலம். குடிக்கும் தண்ணீர் முதற்கொண்டு எல்லாம் கடல் வழியாக வர வேண்டும், அளந்துதான் கொடுப்பார்கள். கரையிலிருந்து அதை மேட்டுக்குச் சுமந்து வந்த கோவேறு கழுதைகளை ஓட்டியவர்களில் இந்தியச் சிப்பாய்கள் நிறையப் பேர்; அவர்கள் கதைக்குத் தனியாக ஒரு கடிதம் வேண்டும். சாப்பாடு டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சியும், கல்லில் தட்டி உடைக்க வேண்டிய பிஸ்கட்டும். இதற்கெல்லாம் மேல் ஈ. புதைக்க முடியாமல் கிடந்த பிணங்களிலிருந்தும் மூடாத மலக்குழிகளிலிருந்தும் கிளம்பி ஜாம் தடவிய பிஸ்கட்டின் மேல் கருப்பாக அப்பிக்கொள்ளும். ஒரு கையால் விரட்டிக்கொண்டே மறு கையால் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், அப்படியும் ஒன்றிரண்டு சேர்ந்துதான் உள்ளே போகும். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் துருக்கியரின் குண்டுகளுக்குச் சமமாக ஆட்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தன.

இந்த அகழிக்குள்ளிருந்துதான் ஜிம் வீட்டுக்குக் கடிதம் எழுதினான். சொன்ன சொல் தவறவில்லை, அடிக்கடியே எழுதினான். அக்டோபர் 4-ந் தேதி எழுதியதில், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், நன்றாக இருக்கிறேன் என்கிறான். துருக்கியர் இன்னும் சுமார் 70 கஜ தூரத்தில் இருப்பதாகச் சொல்கிறான். கூடவே ஒரு முறையீடு: கிளம்பி வந்ததிலிருந்து வீட்டிலிருந்து ஒரு கடிதமும் தனக்கு வந்து சேரவில்லை. வீட்டில் எழுதாமல் இருக்கவில்லை. எழுதியது எல்லாம் எங்கோ மூட்டையில் கிடந்தது, எகிப்துக்கும் லெம்னோஸுக்கும் கலிப்போலிக்கும் நடுவில். எந்தக் கடிதங்களுக்காக அமீலியா கையெழுத்துப் போட்டாளோ, அதில் பாதி வழிதான் வேலை செய்தது. அவன் எழுதியது அவளுக்கு வந்தது. அவள் எழுதியது அவனுக்குப் போகவில்லை. வீட்டில் யாரும் தனக்கு எழுதவில்லையோ என்ற எண்ணத்தோடு ஒரு பதினான்கு வயதுப் பையன் இரவு அகழியில் காவல் நின்றிருக்கிறான். துருக்கியரின் துப்பாக்கியைவிட எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

அக்டோபர் நடுவில் குளிரும் மழையும் சேர்ந்தன. ஜிம்முக்கு டைபாய்டு கண்டது. சுமார் இரண்டு வாரம் அகழியிலேயே இருந்தான். அக்டோபர் 25-ந் தேதிதான் கீழே கொண்டுவந்து, கிளெனார்ட் காசில் என்ற மருத்துவமனைக் கப்பலில் ஏற்றினார்கள். அந்தக் கப்பலின் தலைமைச் செவிலியர் பின்னர் அமீலியாவுக்கு எழுதினார்: பையன் வரும்போதே மிகவும் மோசமான நிலையில் இருந்தான், செய்ததற்கெல்லாம் அழகாக நன்றி சொன்னான், இப்போது கொஞ்சம் சுகமாக இருக்கிறது என்றான், தூங்கப் படுத்தான், திடீரென்று போய்விட்டான். இதயம் நின்றுவிட்டது. அன்று மாலையே முடிந்தது. உடலைக் கடலில் இறக்கினார்கள். முதல் வீரர்கள் அந்தக் கரையில் இறங்கி அன்றோடு சரியாக ஆறு மாதம். வயது பதினான்கு வருடம், ஒன்பது மாதம்.

எந்தச் சண்டையிலும் விழவில்லை, எந்த மேட்டையும் பிடிக்கவில்லை. அவன் இறந்து எட்டு வாரத்துக்குள், டிசம்பர் 20-ந் தேதி விடிவதற்குள், ஆஸ்திரேலியப் படை முழுவதும் அந்தக் கரையை விட்டே கிளம்பிவிட்டது. கலிப்போலியில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் இறந்திருந்தார்கள். தங்கள் மண்ணைக் காத்து நின்ற துருக்கியரின் இழப்பு அதைப் போலப் பல மடங்கு. ஜிம்முக்குக் கல்லறை கிடையாது. புதைத்த இடம் தெரியாதவர்களுக்காகவும் கடலில் இறக்கப்பட்டவர்களுக்காகவும் அங்கே லோன் பைன் என்ற இடத்தில் கட்டிய நினைவுச் சுவரில், 4,900-க்கும் மேற்பட்ட பெயர்களுக்கு நடுவில் அவன் பெயரும் இருக்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஜிம் 1901 ஜனவரி 3-ல் பிறந்தவன். அவன் சொன்ன அந்தப் பதினெட்டு வயது அவனுக்கு உண்மையில் ஆகியிருக்க வேண்டிய நாள் 1919 ஜனவரி 3. போர் முடிந்தது 1918 நவம்பர் 11. அப்போது இந்த நாட்டில் யாரையும் கட்டாயப்படுத்தி வெளிநாட்டுப் போருக்கு அனுப்பவும் இல்லை. 1916-லும் 1917-லும் இரண்டு முறை மக்களிடம் வாக்குக் கேட்டார்கள், இரண்டு முறையும் மக்கள் வேண்டாம் என்றார்கள். அதாவது, அவன் வயதை மறைக்காமல் இருந்திருந்தால், அந்தப் போருக்குப் போகவே தேவை வந்திருக்காது.

சரி, எல்லோரும் செத்தா போனார்கள் என்று நீ கேட்பாய். நியாயம். டாஸ்மேனியாவில் அலெக் கேம்பெல் என்று ஒருவர். 1899-ல் பிறந்தவர், அவரும் 1915-ல் பதினெட்டு என்று சொல்லித்தான் சேர்ந்தார். உண்மையில் பதினாறு. ஜிம் இறந்த சில நாட்களில் அவர் கலிப்போலியில் இறங்கினார். தண்ணீரும் குண்டும் சுமந்தார். சக வீரர்கள் அவரைப் பொடியன் என்றே கூப்பிட்டார்கள். காய்ச்சல் கண்டு, 1916-ல் ராணுவத்துக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அப்போதும் பதினெட்டு ஆகவில்லை அவருக்கு!

அதற்கப்புறம் அவர் வாழ்ந்த வாழ்க்கையைக் கேள். தச்சு வேலை, ரயில் பெட்டி கட்டும் வேலை, தொழிற்சங்கத் தலைமை. குத்துச்சண்டை. நடுவயதில் பொருளாதாரப் பட்டம். சிட்னியிலிருந்து ஹோபார்ட் வரை நடக்கும் பாய்மரப் படகுப் பந்தயத்தில் பல தடவை. ஒன்பது பிள்ளைகள். 2002 மே மாதம் 103 வயதில் இறந்தபோது கலிப்போலியில் இருந்தவர்களில் உலகத்திலேயே கடைசி ஆள் அவர். அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது, பிரதமர் வந்தார். ஆனால் கலிப்போலியைப் பற்றிப் பேசச் சொன்னால் அவருக்கு அலுப்பாக இருக்கும். தன் நூறு வருடத்தில் சில வாரம் அது. மற்ற வருடங்களில் தான் செய்ததைப் பற்றி யாரும் கேட்பதில்லையே என்ற குறை அவருக்கு இருந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஜிம்முக்கும் அலெக்குக்கும் நடுவில் தைரியத்தில் வித்தியாசம் ஒன்றும் கிடையாது. ஒருவரைக் கிருமி விட்டுவிட்டது, மற்றவரை விடவில்லை, அவ்வளவுதான். ஜிம்மிடமிருந்து என்னென்ன போயிற்று என்று தெரிய வேண்டுமானால் அலெக் கேம்பெலின் வாழ்க்கையைத்தான் பார்க்க வேண்டும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு மார்ச் மாதம் பதினெட்டு. அதற்குப் பிறகு யாருடைய கையெழுத்தும் உனக்குத் தேவையில்லை. இடையில் இருப்பது சில மாதம். இந்தச் சில மாதத்தை மிச்சம் பிடிக்க நீ கொடுக்கும் விலை என்ன தெரியுமா? நாளைக்குப் பயிற்சியில் உன் கால் எலும்பு முறிந்தாலும், நீ ஏதோ ஒரு முகாமில் மனம் உடைந்து உட்கார்ந்திருந்தாலும், நான்தானே கையெழுத்துப் போட்டேன் என்று உன் அம்மா சமையலறையில் நின்று நினைப்பாள். நீ திரும்பி வந்து நன்றாக இருந்தாலும் நினைப்பாள். நீயே மனப்பூர்வமாகத் தேர்ந்தெடுத்த வேலைக்கான பொறுப்பை அவள் தலையில் வைத்துவிட்டுப் போகாதே. அது வீரம் இல்லை.

உன் பேச்சில் இன்னொன்றும் இருந்தது. வீட்டில் என்னை யாரும் பெரிய ஆளாக நினைப்பதில்லை என்றாயாம். அது ஓரளவு உண்மை. உன் அப்பா இன்னும் உனக்குப் பஸ் பாஸ் எடுத்துவிட்டாயா என்று கேட்கிறார். இதற்கு ராணுவம் மருந்தில்லை. ராணுவத்திலும் முதல் வருடம் முழுக்க யாராவது ஒருவர் உன் ஷூ மினுக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

ஆகவே இப்படிச் செய். முதலில் அம்மாவிடம் போய் அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள். மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம், கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் நான் போன் செய்வேன் என்று சொன்னால் போதும். அந்த வரியைச் சொல்லிவிட்டுத்தான் படிவத்தைப் பற்றிப் பேச வேண்டும். பிறகு ராணுவத்தில் ஆள் எடுக்கும் அலுவலகத்துக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போ. உன் அப்பா கேள்வி கேட்பதில் வல்லவர், வீட்டுக்கடன் வாங்கும்போது வங்கி மேலாளரை அவர் படுத்திய பாடு எனக்குத் தெரியும். அவர் கேட்கட்டும். என்ன வேலைக்கு எடுக்கிறார்கள், குறைந்தது எத்தனை வருடம் இருந்தாக வேண்டும், பிடிக்காமல் போனால் எப்போது வெளியே வரலாம், படிப்புக்கு என்ன வழி, அடிபட்டால் பிற்காலத்துக்கு யார் பொறுப்பு. பதில்களை எழுதி வாங்கிக்கொள். சீருடை போட்டவர் சிரித்துக்கொண்டே சொல்வது ஒன்று, தாளில் அச்சடித்து இருப்பது வேறொன்று. நீ கையெழுத்துப் போடப்போவது தாளில்.

அம்மா அப்போதும் முடியாது என்றால் மார்ச் வரை காத்திரு. இந்தச் சில மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்பை ஒழுங்காக முடி. நல்ல மதிப்பெண் இருந்தால் சிப்பாயாகத்தான் நுழைய வேண்டும் என்பதில்லை, அதிகாரிப் பயிற்சிக்கே விண்ணப்பிக்கலாம். காத்திருந்ததால் ராணுவம் எங்கும் ஓடிப்போகாது. மார்ச்சிலும் உனக்கு இதே எண்ணம் இருந்தால், நானே வண்டியோட்டி வந்து உன்னைக் கொண்டுபோய் விடுகிறேன். அம்மாவையும் அழைத்துக்கொண்டுதான்.

பள்ளி விடுமுறையில் கான்பெராவுக்குப் போவதாகச் சொன்னாய். அங்கே போர் நினைவகத்தில் ஜிம் எழுதிய கடிதங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இணையத்திலும் அவற்றைப் பார்க்கலாம். அந்தக் கையெழுத்தைப் பார், பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து. இறந்தவர்களின் பெயர்களை வெண்கலப் பலகைகளில் பொறித்த நீண்ட தாழ்வாரமும் அங்கே உண்டு, 21-வது பட்டாலியனைத் தேடினால் அவன் பெயர் கிடைக்கும். அந்தப் பலகைகளில் பதவியோ பட்டமோ போடுவதில்லை, வெறும் பெயர்தான். எனக்கு அது பிடிக்கும்.

எதற்கும் நீ அம்மாவிடம் பேசிவிட்டு எனக்கு ஒரு வரி அனுப்பு. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் போட்டுவிட்டு முடித்துக்கொள்ளாதே, என்ன பேசினீர்கள் என்று எழுது. அத்தை உனக்கு முறுக்கு சுற்றி வைத்திருக்கிறாள். அடுத்த முறை நீ வருவதற்குள் நான் தின்று தீர்க்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா